காலில் விழுந்தவள்

மனு கொடுக்க வந்த ஒருவன் எம்.எல்.ஏ.வை வெட்டிக் கொன்ற பிறகு வந்த சட்டம் இது. மனு கொடுப்பவர்களின் கழுத்தில் ஒரு பட்டை இருக்க வேண்டும். எம்.எல்.ஏ. மீது பாய்ந்தால் அது மாட்டியிருப்பவரின் உயிரை எடுத்துவிடும். அதை மாட்டிவிடுவது என் வேலை.

அன்று என் அக்கா வடிவு வந்தாள். மகனின் சிறுநீரக சிகிச்சைக்கு உதவி கேட்டு மனு.

“கையை ஓங்காத, ஓடாத. குடுத்துட்டு வந்துரு, அக்கா” என்றபடி பட்டையை மாட்டினேன்.

“எனக்குத் தெரியாதாடா?”

புது எம்.எல்.ஏ. நல்லவர். மனுவை முழுக்கப் படித்தார். “கவலப்படாதீங்கம்மா, நானே செஞ்சு தர்றேன்” என்றார்.

அக்கா அழுதுகொண்டே சடாரென்று அவர் காலில் விழுந்தாள். பாய்கிறாள் என்று எடுத்துக்கொண்டது பட்டை. அவள் எழவே இல்லை.

இப்போதெல்லாம் பட்டை மாட்டும்போது, “கால்ல விழுந்துராதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அக்காவிடம் அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.