அலறினது சரியா இருந்துச்சா?

கழுத்தில் பதிந்திருந்த விரல் தடம் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க அவள் இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

"அழுத்தித் தேய்க்காதடி, தோல் உரிஞ்சிடும்" என்று பஞ்சைப் பிடுங்கிக்கொண்டார் மேக்கப் அக்கா. "காலையில உக்காந்து பார்த்துப் பார்த்து வரைஞ்சது. லேசுல போயிடுமா?"

சிரிக்கத்தான் நினைத்தாள், வரவில்லை. இவள் கழுத்தில் இருப்பது வெறும் சாயம். ஆனால் இதே இடத்தில் நிஜத் தடத்தோடு ஒருத்தி ஏரிக்கரையில் கிடந்திருக்கிறாள்.

துப்புத் துலங்காத கொலைகளை நடித்துக் காட்டும் டிவி நிகழ்ச்சி அது. போன வருடம் ஒரு மழை நாளில், பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண் யாருடைய காரிலோ ஏறினாள். மறுநாள் பிணமாகக் கிடைத்தாள். அந்தப் பெண்ணாகத்தான் இன்று இவள் செத்தாள்.

வாய்ப்புக்காக நாயாய் அலைந்தவள். ஒரு படத்தில் கதாநாயகியின் தோழிக்குப் பின்னால் நின்றாள். ஒரு சீரியலில் நர்ஸாக வந்து "டாக்டர் கூப்பிடுறார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பற்பசை விளம்பரம் ஒன்றில் பல் மட்டும் இவளுடையது. "பல்லாவது தெரிஞ்சுதே" என்று அம்மா தெருவெல்லாம் தண்டோரா போட்டுவிட்டு வந்தாள். முழு முகமும் தெரியப்போவது இதுதான் முதல்முறை.

இயக்குநர் காலையிலேயே சொல்லிவிட்டார். "கார்ல ஏறினதுக்கு அப்புறம் உள்ள என்ன நடந்துச்சுன்னு போலீசுக்கே தெரியாது. நாமளா கற்பனை பண்றதுதான். எல்லாம் உன் அலறல்லதான் இருக்கு. அது மட்டும் நிஜமா இருந்துச்சுன்னா, அடுத்த சீரியல்ல நீதான் கதாநாயகி."

தொண்டை கட்டும்வரை அலறினாள். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எந்தப் படப்பிடிப்பிலும் வண்டியை விட்டு இறங்காமல் குறட்டை விடும் கம்பெனி டிரைவர்கூட, இன்று கடைசிவரை நின்று பார்த்தார். இயக்குநர் மட்டும் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் 'பார்க்கலாம்' அவள் காதிலேயே நின்றது. இன்னொரு நினைப்பும் சேர்ந்துகொண்டு அரித்தது. செத்தவளை வைத்துப் பிழைக்கிறோம், அவள் அலறியது போலவாவது அலறினோமா?

"அக்கா, நான் அலறினது சரியா இருந்துச்சா?"

"எனக்கே புல்லரிச்சுப் போச்சு, போ."

மேக்கப் அக்காவுக்கு யாராவது கொட்டாவி விட்டாலே புல்லரிக்கும். அவரிடம் கேட்டதே தப்பு.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாசல் கேட்டருகே நின்ற ஒரு ஆள் இன்னும் போகவில்லை. நரைத்த தலை, கையில் குடைகூட இல்லை. காலையிலிருந்து வைத்த கண் வாங்காமல் இவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இவள் குனிந்த தலை நிமிராமல் கம்பெனி காருக்கு ஓடி ஏறிக்கொண்டாள். அவரும் பின்னாலேயே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "அம்மா... ஒரே நிமிஷம்மா..."

"அண்ணா, வண்டிய எடுங்க! சீக்கிரம்!"

கதவுகள் நான்கும் டக்கென்று பூட்டிக்கொண்டன. "பயப்படாத பாப்பா. நான் இருக்கேன்ல" என்றார் டிரைவர். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தெரு முனையில் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் துரத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, குழந்தைக்கு டாட்டா காட்டுவதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"யாருண்ணா அது?"

"செத்துப்போச்சே, அந்தப் பொண்ணோட அப்பா. நீ அவளாட்டமே டிரெஸ் பண்ணிட்டு நின்ன இல்ல, அதான் பார்க்க வந்திருக்காரு."

பெற்ற மனசைப் பேய் என்று நினைத்து ஓடி வந்துவிட்டோமே! "அண்ணா, வண்டியத் திருப்புங்க. ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

"மழை வலுக்குது பாப்பா. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

வைப்பர் இப்படியும் அப்படியும் போய் வந்தது. பஸ் ஸ்டாப் ஒன்று ஜன்னலோரம் கடந்து போனது. அங்கே நின்ற ஒரு பெண் புத்தகத்தைத் தலைக்குப் பிடித்திருந்தாள். இவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அரித்துக்கொண்டிருந்ததை அடக்க முடியவில்லை. "அண்ணா, நீங்களும் பார்த்தீங்கல்ல? எல்லாரும் முகத்துக்கு நேரா நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. சரியா நடிச்சேனா?"

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்."

"வண்டியில ஏறினது சரி. கைக்குட்டையால தலையத் துவட்டினது சரி. கூச்சப்பட்டு ஓரமா ஒட்டி உக்காந்தது, அதுகூட ரொம்பச் சரி. அந்த அலறல்தான் தப்பு பாப்பா."

"ஏண்ணா?"

"அந்தப் பொண்ணு கத்தவே இல்ல."