எழவு வீட்டுச் சோறு

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் விடுதியின் புல்வெளியில், காலை வெயிலிலேயே நெருப்பு வளர்த்திருக்கிறார்கள். செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதி அதில் போட்டால் துக்கம் ஆறிவிடுமாம். மூன்று நாள் பயிற்சி. ஆடியில் இறந்த என் மகளுக்கு எழுதிய நாலு வரியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து ஆள் தன் கடிதம் எரிவதைச் செல்போனில் படமெடுக்கிறார். படம் சரியாக வரவில்லையென்று வெறுந்தாள் ஒன்றையும் போட்டு எரிக்கிறார். காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு தாய்க்குரங்கு வருகிறது. அது நெஞ்சோடு அணைத்திருக்கும் குட்டி செத்து நாலைந்து நாளாகியிருக்கும். வால் காய்ந்த கயிறாய்த் தொங்குகிறது, ஈ மொய்க்கிறது, நாற்றம் நெருப்புப் புகையையும் மீறி வருகிறது. இதுவரை கண்ணை மூடி, "எல்லா உயிரும் நம் உறவு" என்று சொல்லிக்கொண்டிருந்த பயிற்சியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறுகிறார். "ஐயய்யே, யாராவது அதை விரட்டுங்க!" படமெடுத்தவர் கல்லைத் தூக்குகிறார். சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த விடுதிச் சமையல்காரி அத்தாயி அந்தக் கல்லைப் பிடுங்கிப் போடுகிறாள். ஒரு வாழைப்பழத்தைக் குரங்கின் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறாள். "எழவு ஊட்டுல அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துல இருக்கறவங்கதானுங்க சோறு கொண்டு போவோணும்." குரங்கு ஒரு கையால் பழத்தை எடுத்துப் பல்லால் உரிக்கிறது, மறுகை குட்டியை விடவில்லை. "உங்க கடிதம்?" என்று பயிற்சியாளர் என்னிடம் கேட்கிறார். அதற்குள் அத்தாயி எனக்கும் ஒரு பழத்தை நீட்டுகிறாள். ஒரு கையால் வாங்கிப் பல்லால் உரிக்கிறேன்.