முதலாளி கொடுத்த ரத்தம்

பத்திரிகைப் படத்தில் நயினார் முதலாளி கண்களை மூடி மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் ஊதுபத்தி மட்டும்தான் இல்லை.

“பயந்துராதீங்க, உயிரோடதான் இருக்காரு” என்று நர்ஸ் பிளாரன்ஸ் சிரித்தாள். “உங்களுக்கு ரத்தம் குடுக்கும்போது எடுத்த போட்டோ.”

மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை வாசித்தும் காட்டினாள்: ‘தொழிலாளியின் மனைவிக்குத் தன் உதிரத்தையே ஈந்த உப்பு வள்ளல்.’

சீனித்தாய் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தாநாள் பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகே உயிர் தங்கியது.

அது முதலாளி கட்டிய இலவச ஆஸ்பத்திரி. கட்டில், மின்விசிறி, தண்ணீர்ப்பானை எல்லாவற்றிலும் அவர் பெயர் எழுதியிருந்தது. இப்போது அவள் உடம்புக்குள்ளும் அவர்தான்.

புருஷன் பால்துரை சுவரில் சாய்ந்து நின்றான். புதுத் துறைமுகத்தில் முதலாளியின் உப்பு மூட்டைகளைச் சுமக்கிறவன்.

“இந்தாங்க, பிள்ளையப் பிடிங்க.”

அவன் இடக்கையை நீட்டினான். உடனே இழுத்துக்கொண்டு வலக்கையால் வாங்கினான்.

“பெத்த பிள்ளையத் தூக்கவும் வலிக்குதோ? இவனுக்கு நயினார்னுதான் பேரு வைக்கப் போறேன்.”

“ஏளா, எங்கய்யா பேரை வைக்கதாத்தான பேச்சு?”

“உங்கய்யாவா ரத்தம் குடுத்தாரு?”

பக்கத்துக் கட்டில் சுடலைமாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அவரு போயி ஒரு மாசங்கூட ஆகல. சாகும்போது கேட்டது அது ஒண்ணுதாம்ளா.”

“மொதலாளி இல்லன்னா நானும் உங்கய்யாகிட்டதான் போயிருப்பேன். மூட்டை தூக்குத உடம்பு! பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு குடுக்க முடிஞ்சுதா உங்களால?”

பால்துரை வாயைத் திறந்தான். வாசலில் கணக்கப்பிள்ளை ஞானையாவின் தலை தெரிந்ததும் மூடிக்கொண்டான்.

ஞானையாவுக்குப் பின்னால் போட்டோக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி வந்தார். தமக்குப் போட வேண்டிய ரோஜா மாலையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பால்துரை பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அதை வாங்கி அவர் கழுத்தில் போட்டான்.

“நம்ம ரத்தம்லா!” என்று முதலாளி பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார்.

சீனித்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. “உங்க பேரையே வைக்கணும் மொதலாளி. உங்க வாயாலயே சொல்லிருங்க.”

பால்துரை சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

முதலாளி குனிந்து பிள்ளையின் காதில் தன் பெயரை மூன்று தடவை சொன்னார். போட்டோ சரியாக விழவில்லை என்றதும் நான்காவது தடவையும் சொன்னார்.

“நயினாரு! பேரைக் கேட்டதும் எப்படி முழிக்கான் பாருங்க” என்றாள் சீனித்தாய்.

முதலாளி காருக்குப் போனார். ஞானையா மட்டும் பின்தங்கி, பைக்குள்ளிருந்து ஒரு முட்டைப் பொட்டலத்தை எடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குத்தானே என்று சீனித்தாய் கையை நீட்டினாள்.

ஞானையா அவளைத் தாண்டிப்போய்ப் பொட்டலத்தைப் பால்துரையின் கையில் திணித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இது உன் புருஷன் தேறுததுக்குத் தாயி, மூணு மாசத்துல முதலாளி கோயில்பட்டியிலயும் ரத்தம் குடுக்காரு.”