பத்தாம் பக்கத்தின் நடு வரி

படத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

கீழே இருந்த வரியை மட்டும் படித்தாள். பிறகு கையை எடுத்தாள். வரியில் யானை. படத்திலும் யானை.

இது ஆகாது. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அடுத்தது. மூடினாள், படித்தாள், எடுத்தாள். வரியில் மாம்பழம். படத்திலும் மாம்பழம், கூடைகூடையாக.

தூத்துக்குடி புத்தகக் கண்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பின்னால் யாரோ முழங்கையால் இடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டால்காரர் வெகுநேரமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படப் புத்தகத்துல படத்த மூடிட்டுப் பாக்குற ஆள இப்பத்தாம்மா பாக்கேன்."

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

நாளைக் காலை மகள் ஜெர்லினை ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குக் கூட்டிப் போவார்கள். அவள் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். வாசித்துவிட்டால் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் இரண்டாம் வகுப்பு.

வெள்ளிக்கிழமை டீச்சர் சொன்னபோது கோபம்தான் வந்தது. பிள்ளை வாசிக்கவில்லையாம், படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறாளாம். யார், ஜெர்லினா? எட்டுப் படப் புத்தகம் வீட்டில் வைத்திருக்கிற பிள்ளையா?

வீட்டுக்கு வந்ததும் அந்த எட்டில் ஒன்றான நாரைப் புத்தகத்தை மகள் கையில் கொடுத்தாள். ஜெர்லின் கடகடவென்று வாசித்தாள். எங்கேயும் தட்டவில்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரைத் திங்கட்கிழமை நாலு கேள்வி கேட்பது என்றே முடிவு செய்துவிட்டாள்.

பத்தாம் பக்கம் வந்தது.

அந்தப் பக்கத்தில் மூன்று வரிகள். நடு வரியை அவள் மகளுக்கு ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை.

ஜெர்லினும் அதை வாசிக்கவில்லை. முதல் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு நேராகப் போனாள். அம்மா வழக்கமாக மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் புரிந்தது. பிள்ளை வாசிக்கவில்லை, கேட்டதைத்தான் ஒப்பிக்கிறாள்.

தப்பு டீச்சருடையது இல்லை, பிள்ளையுடையதும் இல்லை. நல்ல படமாகத் தேடித் தேடி வாங்கியவள் இவள். பிள்ளை வாயைத் திறக்கும் முன்னே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியவளும் இவள்தான். ஜெர்லினுக்கு எழுத்தெல்லாம் தெரியும். கூட்டிப் படிக்கத்தான் அவசியமே வரவில்லை. நேற்று முழுக்க உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் உதட்டைப் பார்த்தாள்.

படம் காட்டிக்கொடுக்காத புத்தகம் ஒன்று வேண்டும்.

அடுத்ததை எடுத்தாள். மூடினாள். வரியைப் படித்தாள். கையை எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு கட்டில். அதற்கு அடியிலிருந்து ஒரு பூனையின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

கீழே எழுதியிருந்தது: கட்டிலுக்கு அடியில் யாருமே இல்லை.

பக்கத்தில் நின்ற மகளை ஸ்டால் மூலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். புத்தகத்தை விரித்து மடியில் வைத்தாள். அவளுக்குத் தன் உதடு தெரியக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாசி."



"கட்... டி... கட்டிலுக்கு."

மைக்கில் யாரோ காணாமல் போன கார் சாவியைப் பற்றி அறிவித்தார்கள்.

"அடி... அடியில்."

இப்போது பூனை என்று சொல்லிவிடுவாள். பனிமய மாதாவே, சொல்லிவிடக் கூடாது.

"யா... ரு... மே."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"இல்... லை. யாருமே இல்லை."

ஜெர்லின் படத்தைப் பார்த்தாள். வரியைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"யம்மா, பொய் எழுதிருக்காங்க. பூனை இருக்கு!"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கண் நிறைந்து ஸ்டால் முழுக்கக் கலங்கித் தெரிந்தது. இனிமேல் எந்த அறைக்கு வேண்டுமானாலும் கூட்டிப் போகட்டும்.

ஜெர்லினுக்கு உற்சாகம் அடங்கவில்லை. அம்மாவின் பையைத் துழாவி நாரைப் புத்தகத்தை எடுத்தாள்.

"இதையும் நானே வாசிக்கேன்."

இந்தத் தடவை கடகடவென்று போகவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்தாள். திக்கினாள், திரும்பி வந்தாள், கூட்டினாள். ஒரு சொல்லையும் விடவில்லை.

நாலாம் பக்கம்வரை அம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறாம் பக்கத்தில்தான் அந்த நடு வரி நினைவுக்கு வந்தது.

ஜெர்லினின் அப்பா கப்பலில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார். இப்படிச் சொல்லியே இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. அவர் கப்பலைவிட்டு இறங்கி, கொச்சியில் வேறொரு பெண்ணோடு குடியிருக்கிறார். மகளுக்கு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புத்தகத்தின் அந்த நடு வரியையும் வாசிக்க வரவில்லை.

"வீட்டுக்குப் போய் வாசிக்கலாம், வா."

"இன்னும் கொஞ்சந்தாம்மா."

ஒன்பதாம் பக்கம் புரண்டது.

"மழை... நின்... றது." விரல் கீழே இறங்கியது. ஜெர்லின் நெற்றியைச் சுருக்கினாள். இதற்கு முன் அங்கே பார்த்திராத ஒரு வரி.

"அப்பா... நா... ரை..."

யோசிப்பதற்குள் அம்மாவின் கை அங்கே போய்விட்டது. மீதி வரியை உள்ளங்கை மூடியது.

பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் அம்மாவின் கை ஓரத்தில் முட்டி நின்றது.

நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் எதையும் மூடுவதற்கு அவள் இருக்கமாட்டாள்.

"கைய எடும்மா."

எடுத்தாள்.