பதில் சொன்ன மணி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மந்தைக்கு முன்னால் நடக்கிற, மணி கட்டிய ஆடு நான். நடந்ததில் பாதி என் காதில் விழவே இல்லை.

எனக்குப் பின்னால் பத்து ஆடுகள். மேய்ச்சல் முடிந்து கரட்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும், "எல்லாரும் வர்றீங்களா?" என்று நடந்தபடியே கேட்பேன். யாரும் குறை சொன்னதில்லை. நல்ல மந்தை என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று நாலாவது வளைவில் நரி வாசம் வந்தது. பயத்தில் அசையாமல் நின்றேன். கழுத்து மணி ஓய்ந்தது. அப்போதுதான் மேலேயிருந்து ஒரு கதறல் கேட்டது. சினையாக இருந்த செவலை பாறை இடுக்கில் கால் மாட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?" என்று எரிந்து விழுந்தேன்.

"மூணு வளைவா சொல்றோம்," என்றான் கொம்பு முறிந்த கிடா. "கேட்டுட்டு நீங்க நடையைக் கட்டிடுறீங்க. உங்க மணிதான் உங்களுக்குப் பதில் சொல்லுது, அக்கா."

மந்தையைத் திருப்பிக்கொண்டு மேலே ஓடினேன். செவலையைச் சுற்றி வந்துகொண்டிருந்த நரி, எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் புதருக்குள் நழுவியது. கிடா கல்லை முட்டித் தள்ள, அவள் காலை உருவிக்கொண்டாள்.

"இன்னொரு வளைவு தாண்டியிருந்தீங்கன்னா நரிக்கு ரெண்டு உயிர் விருந்து," என்றாள்.

இப்போதும் எனக்குப் பயம்தான். அதனால் ஒவ்வொரு வளைவிலும் முதலில் நிற்கிறேன். மணி அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கேட்கிறேன்.