பாதி மொட்டை

பாதித் தலை வழித்த பிறகுதான் டில்லிபாபு அந்த மெயிலை முழுசாகப் படித்தான்.

காலையில் ரயிலில் தொங்கியபடி பார்த்தபோது முதல் வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இருந்தது. அதற்கு மேலும் படிக்க ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து பொறுமை வரும்? அரக்கோணம் தாண்டுவதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டான்.

"என் பேப்பரை ஏத்துக்கினாங்கம்மா!"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்போ இன்னிக்கே மொட்டைய போட்டுரு. நேரா மலைக்கு வா, நானும் வந்துடறேன்."

இப்போது திருத்தணி மலைமேல், முடி இறக்கும் மண்டபத்தில், ஈரத்தலையை மொட்டை போடும் கண்ணையனிடம் ஒப்படைத்துவிட்டு, குனிந்த வாக்கில் மடியிலிருந்த போனில் மீதியைப் படித்தான்.

மகிழ்ச்சி, கட்டுரை வந்து சேர்ந்ததற்காம். ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல மூன்று மாதம் பிடிக்குமாம். இது தானாகப் போகும் மெயில், பதில் போட வேண்டாமாம்.

ஆக, மகிழ்ந்தது ஆள்கூட இல்லை. கம்ப்யூட்டர்.

"நிறுத்துங்கண்ணா."

கண்ணையன் கத்தியை விலக்கிக்கொண்டு, வழித்த பாதியையும் வழிக்காத பாதியையும் நிதானமாகப் பார்த்தார். "இப்படியே போறியாப்பா? எனக்கொண்ணும் இல்ல."

டில்லிபாபு மறுபடியும் குனிந்தான்.

மெயில் அனுப்பியது மருத்துவ மாணவர்களின் ஆராய்ச்சிக்கென்றே நடக்கிற ஒரு பத்திரிகை. கடைசி வருஷ எம்.பி.பி.எஸ். மாணவனான அவன், லீவு விட்டபோதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அதற்காக எழுதினான். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் பெண்கள் ஏன் மாதக்கணக்கில் வீட்டில் சொல்வதில்லை என்பது தலைப்பு. அட்டவணையில் நெடுக்குக்கோடு போட்டிருக்கிறாய் என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். மேற்கோள் பட்டியலில் புள்ளி இடம் மாறி நிற்கிறது என்று இன்னொரு தடவை. வழிகாட்டிப் பேராசிரியர் மட்டும் முதல் நாளே படிக்காமல் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். இரண்டாம் தடவை திரும்பி வந்தபோதுதான் டில்லிபாபு முருகரிடம் மொட்டைக்கு வேண்டிக்கொண்டான்.

கேள்விகளை முதலில் அம்மாவிடம்தான் கேட்டுப் பார்த்தான். ஜெயம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கட்டி இருக்குதுன்னு தெரிஞ்சா முதல்ல என்ன பண்ணுவ என்றதற்கு, "என்னத்த பண்றது, கொழம்பு வெப்பேன்" என்றாள்.

பிறகு அவளே ஒன்று கேட்டாள். எத்தினி மாசம் போனா லேட்டுன்னு போட்டுக்கீற?

மூணு மாசம் என்றான்.

"ஆங்" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்த லீவில் அவள் இரண்டு தடவை மெட்ராஸில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். பேரனைப் பார்க்க என்றாள். அவனுக்கும் சௌகரியம்தான். வீடு அமைதியாக இருந்தது, நிறைய எழுத முடிந்தது.

பதில் சொன்ன மற்ற பெண்களும் அம்மாவுக்குச் சளைத்தவர்கள் இல்லை. 'பங்கேற்றவர்களில் எவரும் நேரடியாகப் பதிலளிக்கவில்லை' என்று ஆய்வின் குறைகளில் அதையும் சேர்த்தான். கட்டுரையிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது.

மீதிப் பாதியும் போய், சந்தனமும் பூசிக்கொண்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில் புல்லுக்கட்டு தூக்குகிற பெண்களில் ஜெயம்மாவுக்கு மட்டும் சும்மாடு வேண்டாம், அவள் கொண்டையே போதும் என்று கேலி செய்வார்கள். அந்தக் கொண்டை.

"நீ எதுக்கும்மா உக்காந்த?"

"எனக்கும் வேண்டுதல்."

ஒரு கம்ப்யூட்டரின் மகிழ்ச்சிக்குத் தன் தலை போனது சரி, அது அவன் முட்டாள்தனம். அம்மாவின் முடியுமா?

"அம்மா, பேப்பரை இன்னும் ஏத்துக்கல. நான்தான் சரியா படிக்காம சொல்லிட்டேன். எழுந்திரு."

"சரி."

"என்ன சரி? எழுந்திருன்றேன்."

"ஏத்துக்கும்போது ஏத்துக்கினு போறாங்க. அண்ணா, நீங்க தண்ணி ஊத்துங்க."

கண்ணையன் சொம்பும் கையுமாக நின்றார். "யாராவது ஒருத்தர் முடிவா சொல்லுங்கம்மா. பின்னால கூட்டம் நிக்கிது."

"ஊத்துங்கண்ணா."

"என்ன வேண்டுதல்மா அப்படி?"

"மொட்டையில உனக்குக் காது ரெண்டும் எம்மாம் பெருசா தெரியுது பாரு."

கத்தி இறங்கியது. முதல் கற்றை அவள் மடியில் விழுந்தது. அடுத்தது தரையில்.

"அம்மா!"

ஜெயம்மா குனிந்தபடியே தரையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "வர்ற திங்கக்கெழம மெட்ராஸ்ல ஊசி ஆரம்பிக்கிறாங்க. உங்கக்காதான் கூட்டிக்கினு போய்க் காட்டுனா. ஊசி போட்டா எல்லாம் கொட்டிடுமாம். கொட்டிக் குப்பைக்குப் போறதுக்கு முருகருக்காவது போவட்டும்னுதான்."

கண்ணையனின் கை நின்றது.

டில்லிபாபுவின் நெற்றியில் சந்தனம் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. என்னென்னவோ கேட்க வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிசு, எந்த ஆஸ்பத்திரி. ஆனால் அத்தனை பெண்களிடமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அந்தக் கடைசிக் கேள்விதான் வாயில் வந்தது.

"ஏம்மா வீட்ல சொல்லல?"

ஜெயம்மா பாதி மொட்டையோடு நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

"நீ எழுதிக்கினு இருந்தியே, நைனா."