ரிவர்ஸ் கேமரா

"பீப்... பீப்... பீப்!"

சென்சார் போட்ட கூச்சலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. இருபத்தைந்து வருடப் பழைய காருக்குள் புதுத் திரை பளிச்சென்று எரிந்தது.

"ரிவர்ஸ் போட்டா கேமரா தானா ஆன் ஆயிடும் சார்," என்றான் எலக்ட்ரீஷியன், கையைத் துடைத்தபடி.

பெரியவர் இறங்கவில்லை. "முன்னாடி போறப்பவும் ஓடணும் தம்பி. பதிவும் ஆகணும். வீட்டுல உக்காந்து போட்டுப் பார்க்கணும்."

"முன்னாடி போறப்ப பின்னாடி என்ன சார் வேலை? யாராவது துரத்துறாங்களா?"

"என்னைத் துரத்த யாருப்பா இருக்கா!" அவர் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவனுக்குப் பாவமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க சார். இந்தப் பழசை இழுத்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு, கேமராவோடயே வர்ற புது வண்டியை எடுத்துடலாமே?"

"ஐயையோ, கூடவே கூடாது! பின்பக்கம் பெயிண்ட்கூட அடிச்சுடாதே. அந்த நசுங்கல் அப்படியே இருக்கட்டும்."

சரியான கிறுக்கு மனுஷன் என்று எண்ணிக்கொண்டே அவன் வயரை மாற்றி இணைத்தான். "அப்படி எங்கதான் சார் போறீங்க இதுல?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு ஹோமுக்கு. மறதி நோய் வந்தவங்களைப் பார்த்துக்கற இடம். என் சம்சாரம் அங்கதான் இருக்கா."

"அம்மா உங்ககிட்ட நல்லா பேசுவாங்களா?"

"'நீங்க யாரு'ன்னுதான் கேப்பா. ஆனா நான் கிளம்பினதும் கேட்டுக்கு ஓடி வந்து, 'எங்க வீட்டுக்காரர் போறார்'னு இந்த வண்டியைப் பார்த்துக் கையாட்டுறாளாம்... வாட்ச்மேன் சொன்னான் தம்பி."